ஒரு பந்தய சைக்கிளின் எஃகு வரலாறு

துர்க்காபூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு எஃகின் வரலாற்றை எடுத்துரைக்கப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஊதுலையின் வெப்பத்தையும் உருட்டாலையின் ஓசையையும் மூன்று தலைமுறையாக அறிந்தவர்கள் நம்மவர்கள். ஆயினும், நம் காலனி வீடொன்றின் மாடிப்படிக்கு அடியில் பல ஆண்டுகளாகச் சாத்திக் கிடந்த ஒரு பொருள் எந்த எஃகால் ஆனது என்று கூற இயலாமல் நாங்கள் மூவர் சில வாரங்கள் திகைத்து நின்றோம். அப்பொருள் ஒரு சைக்கிள். வளைந்த கைப்பிடியும் ஒடுங்கிய சக்கரங்களும் உடைய பழைய ஆங்கிலப் பந்தய சைக்கிள்.

அது இங்கு வந்த வகையை முதலில் கூறிவிடுகிறோம். பிலாய் ஆலைக்குச் சோவியத் நாடும், ரூர்கேலா ஆலைக்கு ஜெர்மனியும் துணை நின்றதுபோல், துர்க்காபூர் ஆலைக்குப் பிரிட்டிஷ் கம்பெனிகள் துணை நின்றன. 1959-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு முதல் ஊதுலை தொடங்கி வைக்கப்பெற்றது. ஆலை எழுந்துகொண்டிருந்த அந்நாளிலேயே இளம் பொறியாளர் பலர் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாறு ஷெபீல்டு நகருக்குச் சென்ற நம்மவர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வூர் இளைஞர்களோடு மலைப்பாதைகளில் சுற்றுவதற்காக ஒரு பந்தய சைக்கிளை இரண்டாம் கையாக வாங்கினார். திரும்புகையில் அதனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். காலனியில் எல்லோரும் அதை ‘லண்டன் சைக்கிள்’ என்றே அழைத்தனர். ஷெபீல்டு எங்கே, லண்டன் எங்கே! ஆயினும் சீமையிலிருந்து வந்ததெல்லாம் அன்று லண்டன்தானே.

அப்பெரியவர் இன்று இல்லை. அவருடைய பேரன் அந்த வண்டியை வெளியே எடுத்துத் துடைத்து, டயர் மாற்றி, ஏறிப் பார்த்தான். தாத்தாவின் நினைவு நாளன்று ஜி.டி. சாலை வழியே ஆசன்சோல் வரை சென்று திரும்ப வேண்டும் என்பது அவன் விருப்பம். போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது. ஏறிய முதல் நாளே, கையைச் சற்றுத் தளர்த்தினால் முன்சக்கரம் தன் போக்கில் துள்ளுகிறது என்றான். கூர்ந்து நோக்கியபோது போர்க் சிறிது பக்கவாட்டில் வளைந்திருந்தது. பேனாசிட்டிக் கடைத்தெருவில் ஒரு மெக்கானிக், கேஸ் வைத்துச் சிவக்கச் சுட்டு நொடியில் நிமிர்த்தித் தருவதாகக் கூறினார். நல்ல மனிதர், ஆயிரம் வண்டிகளுக்கு அவ்வாறே செய்து கொடுத்தவர். ஆனால் பையனுக்கு ஒரு தயக்கம். இது சாதாரண இரும்புக் குழாயா, அல்லது தாத்தா அடிக்கடி பெருமையுடன் சொல்லிவந்த ‘ரெனால்ட்ஸ் 531’ என்னும் குழாயா? முன்னதாயின் சுடலாம், பின்னதாயின் சுடுதல் ஆகாது. இந்த ஒரு வினாவுடன்தான் அவன் எங்களிடம் வந்தான்.

விடையளிக்க வேண்டுமானால் நூறாண்டுக்கு மேற்பட்ட கதையைச் சிறிது அறிந்திருக்க வேண்டும்.

சைக்கிளின் முன்னோர்கள் மரத்தாலும் தேனிரும்பாலும் ஆனவர்கள். 1885-இல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஸ்டார்லி என்பார் ‘ரோவர்’ வண்டியை அமைத்தார். இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவு. செயினால் பின்சக்கரம் சுழலும். இன்றைய சைக்கிளின் வடிவம் அங்கே பிறந்தது. அதே 1885-இல் ஜெர்மனியில் மான்னெஸ்மன் சகோதரர்கள் பொருத்துக்கோடு இல்லாமல் எஃகுக் குழாய் செய்யும் முறைக்கு உரிமை பெற்றனர். இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே ஆயினும், கனமற்ற சைக்கிளுக்கு உரிய உலோகம் அதன் உருவத்தோடு கூடவே பிறந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

குழாய் மெலிந்தால் வண்டி இலகுவாகும். ஆனால் குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளில் வலுக் குறையும். மூட்டில்தான் பளு மிகுதி. அங்குதான் பற்றவைக்கும் சூடும் படுகிறது. இச்சிக்கலைத் தீர்த்தவர்கள் பர்மிங்காமில் ஆணி செய்துவந்த ஒரு குடும்பத்தார். ஜான் ரெனால்ட்ஸ் என்பவர் 1841-இல் தொடங்கிய ஆணித் தொழில் அது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பிரட் ரெனால்ட்ஸ், ஹியூவிட் என்பாருடன் சேர்ந்து 1897-இல் ஒரு காப்புரிமை பெற்றார். குழாயின் வெளி அளவு முழு நீளத்துக்கும் ஒன்றாகவே இருக்கும். உட்புறத்தில் மட்டும் முனைகள் தடித்தும் நடுப்பகுதி மெலிந்தும் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மறு ஆண்டே இதற்கெனத் தனிக் கம்பெனி ஏற்பட்டது. ஆணி செய்தவர்கள் குழாய் செய்பவர்களாயினர்.

குழாயின் வடிவம் இவ்வாறு அமைந்தபின், அதன் உலோகம் மாறியது. 1935-இல் அதே நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகால் குழாய் இழுத்து, அதற்கு 531 எனப் பெயரிட்டது. கலவையில் சேரும் முக்கிய மூலகங்களின் 5 : 3 : 1 என்னும் விகிதமே இப்பெயருக்குக் காரணம் என்பர். போர்க்காலத்தில் ஸ்பிட்பயர் விமானத்தின் என்ஜினைத் தாங்கிய சட்டத்திற்கும் இதே எஃகுக் குழாய் பயன்பட்டது.

எஃகு நகரத்தார் ஆகையால் ஒன்றை இங்கே கூறினால் உடனே உணர்வீர்கள். மலிவான எஃகும் உயர்ந்த எஃகும் விறைப்பில் ஏறத்தாழ ஒன்றே, வேறுபாடு வலிமையில்தான். வலிமை மிகுந்த எஃகைக் காகிதம்போல் மெல்லியதாக இழுக்கலாம். அதனால்தான் வண்டி இலகுவாகிறது. 531 குழாயின் நடுப்பகுதித் தடிமன் பல வண்டிகளில் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவே. தபால்காரர் சைக்கிளின் குழாய் அதைப்போல் இரண்டரை மடங்கு, மூன்று மடங்கு தடித்தது. இந்த மெல்லிய சுவரை அளவுக்கு மீறிச் சூடேற்றினால், இழுத்துப் பெற்ற வலிமையெல்லாம் போய்விடும். ஆகையால்தான் அக்காலத்துக் கைவினைஞர்கள் 531 குழாய்களை நேரடியாக வெல்டு செய்யாமல், ‘லக்’ எனப்படும் மூட்டுச் சட்டைகளில் செருகி, பித்தளையையோ வெள்ளிக் கலவையையோ உருக்கி ஓடவிட்டுப் பற்றவைத்தனர். எஃகு உருகுவதற்கு நெடுந்தொலைவு முன்னரே பித்தளை உருகிவிடும்.

பர்மிங்காமைப்போலவே மிலான் நகரில் கொலம்போ என்பார் 1919-இல் தொடங்கிய ‘கொலம்பஸ்’ குழாய்களும் பெரும்புகழ் பெற்றன. அவை பெரும்பாலும் குரோமியமும் மாலிப்டினமும் கலந்தவை. பிரான்சில் வீட்டஸ், ஜப்பானில் தாங்கே, இஷிவாத்தா எனப் பிற பெயர்களும் உண்டு. அவற்றுக்குள் புகுந்தால் மலரின் பக்கங்கள் போதா.

இனி, எங்கள் வண்டிக்கு வருவோம். அதனை மேசைமேல் தலைகீழாக வைத்து ஆராய்ந்தோம். மூவரில் ஒருவர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வெர்னியர் அளவுகோல் அவருடையது.

முதலில் காந்தம். சிரிக்க வேண்டாம், பழைய சைக்கிளைச் சோதிக்க முற்படும் எவரும் முதலில் கையில் எடுக்க வேண்டியது அதுவே. 1970-களிலேயே இத்தாலியின் ‘ஆலன்’ நிறுவனத்தார் அலுமினியக் குழாய்களைக் கொண்டு பந்தய வண்டிகள் செய்தனர். பின்னர் பிரான்சின் ‘வீட்டஸ் 979’ அலுமினியக் குழாய்களைப் பசையால் ஒட்டி வந்தது. டைட்டானியத்தாலும் செய்தனர். 1986-இல் கிரெக் லெமாண்ட் பிரான்சு நாட்டுப் பெருஞ்சுற்றுப் பந்தயத்தை வென்றபோது ஓட்டியது கரி இழையால் ஆன பிரேம். இவற்றில் எதிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் ஓரிடத்தில் மட்டும் வைத்துப் பார்த்து முடிவு செய்தல் கூடாது. பிரேம் ஒன்றாகவும் போர்க் வேறாகவும் இருக்கலாம். போர்க்கிலேயே கால்கள் அலுமினியமாகவும், தலைக்குழாய்க்குள் ஏறும் தண்டு எஃகாகவும் இருக்கலாம். எங்கள் வண்டியில் தொட்ட இடமெல்லாம் காந்தம் ஒட்டியது. எல்லாம் எஃகு. எந்த எஃகு என்பதே கேள்வி.

அடுத்து முத்திரை. வண்டி முழுதும் கறுப்பு எனாமல் பூசப்பட்டிருந்தது. அது இங்கே பூசியது என்பதில் ஐயமில்லை, ஏனெனில் தூரிகையின் மயிர் இரண்டு அதில் ஒட்டியிருந்தன. சீட்டுக் குழாயின் மேற்புறத்தில் பூச்சுக்கு அடியில் ஏதோ மேடு தெரிந்தது. பையன் பொறுமைசாலி. பஞ்சும் எண்ணெயும் மெல்லிய அரத்தாளும் கொண்டு மூன்று மாலைகள் சுரண்டாமல் தேய்த்தான். 531 என்னும் இலக்கங்கள் எழுந்தன. கல்வெட்டுப் படி எடுப்பவர்கள் அடையும் மகிழ்ச்சியை அன்று நாங்களும் அடைந்தோம்.

ஆனால் இலக்கத்தைக் கண்டதும் துள்ளிக் குதித்தல் தகாது. ரெனால்ட்ஸ் நிறுவனத்தார் ஒரே வகை முத்திரையை எல்லா வண்டிக்கும் தந்துவிடவில்லை. மூன்று முக்கியக் குழாய்கள் மட்டும் 531 ஆகவும், பின்கவைகளும் போர்க்கும் மலிவான எஃகாகவும் உள்ள வண்டிக்கு ஒருவகை வாசகம். குழாய்கள், போர்க், பின்கவைகள் அனைத்தும் 531 எனில் வேறு வாசகம். முனை தடித்த குழாயா, முழுதும் ஒரே தடிமனா என்பதற்கும் தனி வாசகம். பெரிய இலக்கம் எல்லாவற்றிலும் ஒன்றே. உண்மை அடியில் உள்ள சிறிய எழுத்தில் இருக்கிறது. நிலப் பத்திரம் படிப்பவர்களுக்கு இது புதிதன்று. மேலும் இந்த முத்திரைகள் ஒட்டுப்படங்களே. பழைய வண்டியைப் புதுப்பிப்போருக்காக இவற்றைப் புதிதாக அச்சிட்டு விற்போர் இன்றும் உண்டு. ஆகவே பளபளக்கும் புது முத்திரையை யாரும் சாட்சியாகக் கொள்ளார். எங்களுடையது பழம்பூச்சுக்கு அடியில் கிடந்தது. அதன் சிறிய எழுத்தைப் பெருக்காடி வைத்துப் படித்தோம். முனை தடித்த குழாய்கள், போர்க், பின்கவைகள் என மூன்றும் அதில் இருந்தன.

அன்று மாலை அவ்வீட்டில் கேசரி கிடைத்தது.

ஆய்வுக்கூட நண்பர் மட்டும் கேசரியை உண்டபின்னும் நிறைவு கொள்ளவில்லை. ‘எழுத்தைப் படித்தாயிற்று, பொருளைப் பார்க்கவில்லையே’ என்றார். மறுநாள் சீட்டைக் கழற்றினோம். சீட் பில்லர் மெலிந்ததாக இருந்தது. அதைச் சுற்றித் தகரம் மடித்துச் செருகியிருந்தார்கள். பில்லரை மட்டும் அளந்திருந்தால் ஏமாந்திருப்போம். தகரத்தை எடுத்துவிட்டுக் குழாயின் உள் அளவையே எடுத்தபோது 27.2 மில்லிமீட்டர் பில்லர் இழைந்து நுழையும் அளவு தெரிந்தது. இவ்வெண் மிகவும் பொருளுடையது. ஆங்கில, இத்தாலிய வண்டிகளில் சீட்டுக் குழாயின் வெளி அளவு ஓர் அங்குலமும் எட்டில் ஒன்றும், அதாவது 28.6 மில்லிமீட்டர். வெளி அளவு ஒன்றே ஆதலால், உள் அளவு பெரிதாகப் பெரிதாகச் சுவர் மெலிகிறது என்பது தெளிவு. 27.2 என்றால் மெல்லிய உயர்ந்த குழாய். 26.8-உம் அதற்குக் கீழும் என்றால் நடுத்தரம் அல்லது ஒரே தடிமனுள்ள குழாய். தெருவில் ஓடும் கனத்த சைக்கிள்களில் 25.4 வரை இறங்கும். பிரெஞ்சு வண்டியில் மட்டும் கணக்கு வேறு. அங்கு வெளி அளவே 28 மில்லிமீட்டர் ஆதலால், 26.4 என்பதும் உயர்ந்த குழாயையே குறிக்கும். நாடு தெரியாமல் எண்ணைப் படித்தல் ஆகாது. நாட்டைச் சொல்வது பெடல் அச்சுக் கூட்டின் மரை. எங்களுடையது அங்குலத்துக்கு 24 மரை, வலப்புறம் இடஞ்சுழி. ஐயமின்றி ஆங்கில வண்டி.

குழாயின் உட்புறத்தை விரலால் தடவியும் பார்த்தோம். தகட்டை வளைத்து வெல்டு செய்த குழாயாயின் நீளவாக்கில் ஒரு சிறு தழும்பு விரலுக்குத் தட்டுப்படும். இங்கு வழவழவென்றிருந்தது. பின்னர் நகத்தால் சுண்டினோம். பாத்திரக் கடையில் வெண்கலப் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இச்சோதனையை விளக்க வேண்டியதில்லை. மெல்லிய குழாயின் நடுப்பகுதி கணீரென்று நீண்டு ஒலித்தது. மூட்டை அணுக அணுக ஒலி தணிந்தது. நடு மெலிந்து முனை தடித்த குழாய்க்கு இதுவே இயல்பு. பின்சக்கர அச்சு அமரும் காதுகளும் தகட்டில் வெட்டியவை அல்ல. அடித்து உருவாக்கிய தடித்த துண்டுகள். ஆக பிரேமைப் பொறுத்தவரை முத்திரையும் குழாயும் ஒரே வாக்கைக் கூறின.

போர்க்கைச் சுண்டினோம். ‘டொக்’ என்றது.

மீண்டும் சுண்டினோம். மீண்டும் ‘டொக்’.

இங்கே ஓர் உண்மையை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பிரேமைவிடப் போர்க் தன் உலோகத்தை மறைத்துக்கொள்வதில் கெட்டிக்காரன். சீட்டுக் குழாயில் உள் அளவு பேசுகிறது. போர்க் தண்டிலோ கைப்பிடித் தண்டு நுழைய வேண்டிய இடம் உயர்ந்த ஆங்கில வண்டியானாலும் எளிய வண்டியானாலும் ஒரே அளவுதான், 22.2 மில்லிமீட்டர். ஆகவே அங்கு அளவுகோலுக்கு வேலையில்லை. கழற்றித்தான் பார்க்க வேண்டும். கொலம்பஸ் போர்க் தண்டாயின் அதன் உட்புறத்தின் அடியில் முறுக்கிய வரம்புகள் ஓடும் வழக்கம் உண்டு. ரெனால்ட்ஸ் தண்டுகள் சிலவற்றில் பெயர் பொறித்திருக்கும். ஆங்கிலக் கைவினைஞர் பலர், பிரேமின் அடியில் அடிக்கும் எண்ணையே போர்க் தண்டிலும் அடிப்பர். பூச்சுப் பூசும் இடத்தில் ஒன்று மற்றொன்றோடு மாறிவிடாமலிருக்க அது ஓர் உபாயம். பிறகு எடை இருக்கிறது. கால்களின் நுனியில் உள்ள காதுகளின் வேலைப்பாடு இருக்கிறது.

கழற்றினோம். பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. பிரேமின் பெடல் கூட்டுக்கு அடியிலோ எண் தெளிவாக இருந்தது. மளிகைக் கடைத் தராசில் நிறுத்தபோது போர்க் ஒரு கிலோ 150 கிராம் காட்டியது. 531 போர்க்காயின் எழுநூறு கிராமை ஒட்டி இருக்க வேண்டும். கால்களின் நுனி தட்டையாக நசுக்கித் துளையிட்டது. அடித்துருவாக்கிய காது அன்று. பிரேக் தாங்கும் ஆணிக்கான துளை நடுவில் இல்லாமல் ஒரு நெல்லளவு இடப்பக்கம் தள்ளி, கைத்துரப்பணத்தால் இட்டதுபோல் இருந்தது. அது கம்பி பிரேக் பூட்டும் சாதாரண வண்டிக்காகப் பிறந்த போர்க். பின்னால் யாரோ துளையிட்டிருக்கிறார்கள். இறுதியாக மரையை எண்ணினோம். அங்குலத்துக்கு 26. இங்கிலாந்தில் மற்றெல்லோரும் 24 மரை வைத்தபோது, நாட்டிங்ஹாமின் ராலே ஆலை மட்டும் தன் வண்டிகளுக்கு 26 என்னும் தனிக் கணக்கை நெடுங்காலம் காத்து வந்தது. தலைக் கப்புகளும் போர்க்கோடு சேர்ந்தே மாற்றப்பட்டிருந்தன.

முன்சக்கரம் துள்ளியதன் காரணமும் இப்போது விளங்கியது. பந்தய வண்டியின் போர்க் கால் முன்னோக்கி வளைவது சுமார் 50 மில்லிமீட்டர். சாதாரண வண்டியில் தலைக்குழாய் அதிகம் சாய்ந்திருப்பதால் வளைவும் 75-க்கு அருகில் இருக்கும். சாய்வு குறைந்த பிரேமில் வளைவு மிகுந்த போர்க்கைப் பூட்டினால், சக்கரம் தானே நேராக வந்து நிற்கும் குணம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். கூட்டிக் கழித்துப் பார்த்தோம். 60 மில்லிமீட்டரை நெருங்கி இருக்க வேண்டிய அளவு 30-ஐ ஒட்டி நின்றது. பக்கவாட்டு வளைவை எவ்வளவு நிமிர்த்தினாலும் இக்குறை தீராது.

பையனின் முகம் வாடியது. தாத்தா சொன்னது பொய்யோ என்பதே அவனுடைய வருத்தம். முத்திரை பொய் சொல்லவில்லை. அவ்வண்டி கைவினைஞரின் பட்டறையை விட்டு வெளியேறிய நாளில் எல்லாமே 531-தான். அதற்குப் பின் நடந்ததை முத்திரை எவ்வாறு அறியும்?

அறிந்தவர் ஒருவர் உள்ளே இருந்தார். பையனின் பாட்டியம்மா, எண்பதைக் கடந்தவர், போர்க்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இது ஆசன்சோல்ல வாங்கினதுல்லா’ என்றார். நெல்லைச் சீமைப் பேச்சு அறுபதாண்டு வங்கத்து வாசத்திலும் மாறவில்லை. 1967-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஜி.டி. சாலையில் ஒரு மாட்டு வண்டியின் பின்புறம் மோதிப் போர்க் மடிந்துபோயிற்றாம். கணவர் கன்னத்தில் தையலோடு வீடு வந்தார். கடையில் கிடைத்த போர்க்கைப் பூட்டி, வண்டி முழுவதற்கும் கறுப்பு அடித்து, பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாட்டியம்மாவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த வண்டியைக் காலனிக்கு வெளியே எடுத்துச் சென்றதே இல்லை என்பதும் அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. சாலை நெரிசல் காரணம் என்றே மகன் நினைத்திருந்தார்.

ஆசன்சோல் என்றதும் எங்களுக்கு வேறொரு கதவு திறந்தது. நாடு விடுதலை பெற்றபின் ராலே கம்பெனி இந்தியப் பங்காளிகளோடு சேர்ந்து ‘சென்-ராலே’ என்னும் பெயரில் ஆசன்சோலை அடுத்த கன்யாப்பூரில் பெரிய சைக்கிள் ஆலை நிறுவியிருந்தது. 26 மரையின் மர்மம் அவ்வளவுதான். 1980-இல் பாராளுமன்றத்தின் தனிச் சட்டத்தால் அந்த ஆலை, பம்பாயின் ஹிந்த் சைக்கிள்ஸோடு சேர்த்து, நாட்டுடைமையாக்கப்பட்டது. பின்னர் அதுவும் மூடப்பட்டுவிட்டது. இன்னொரு செய்தி நம்மவர்களுக்கு உவப்பாக இருக்கும். 531 குழாய் செய்த ரெனால்ட்ஸ் 1928 முதல் ‘டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ்’ என்னும் ஆங்கிலக் குழுமத்தைச் சேர்ந்தது. அதே குழுமம்தான் முருகப்பா குடும்பத்தாரோடு கூடி 1949-இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. 1955-இல் ஆவடியில் குழாய் ஆலையும் எழுந்தது. 1960-இல் ராலேயும் அக்குழுமத்தில் வந்து சேர்ந்தது. எனவே பர்மிங்காம் பிரேமும் ஆசன்சோல் போர்க்கும் நம் அம்பத்தூர் ஹெர்குலிஸும் ஒருவகையில் பங்காளிகளே. ஆயினும் பங்காளிகள் எல்லோரும் ஒரே தோளில் ஒரே சுமையைத் தாங்குவதில்லை.

இனிச் செயலுக்கு வருவோம். மெக்கானிக்கிடம் சென்று விவரத்தைச் சொன்னோம். போர்க் மட்டுமே கனத்த இரும்பு ஆதலால் அதைச் சுட்டு நிமிர்த்துவதில் தவறில்லை என்பது அவர் வாதம். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் பிரேமின் குழாயில் விரிசல் விழுந்தால் பெரும்பாலும் கிறீச்சிட்டு முன்கூட்டி அறிவிக்கும். போர்க் தண்டு அடியில் ஒடிந்தால் ஓட்டுபவன் முகம் சாலையில் படும்வரை அறிவிப்பு எதுவும் இராது. அறுபதாண்டு துருவேறி, ஒருமுறை வளைந்து, பொருந்தாத பிரேமில் பூட்டப்பட்ட ஒன்றை நெருப்பிலும் இட்டு ஒரு பையனை லாரிகள் ஓடும் சாலைக்கு அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. அவரும் சற்று யோசித்து, ‘என் பையனாக இருந்தால் நானும் அனுப்பமாட்டேன்’ என்று வங்காளியில் சொன்னார். பிரேமின் மீது மட்டும் தீயே படக்கூடாது என்பதை ஒப்புக்கொண்டு, பழைய கறுப்பு எனாமலைக் கேஸ் கொண்டு எரிக்காமல் மருந்து போட்டே நீக்கித் தந்தார். அடியில் மங்கிய நீலம் இருந்தது. மோதிய அடியில் பிரேமும் வளைந்திருக்கக்கூடுமே என்று, தலைக்குழாயை ஒட்டிய மேல்குழாயிலும் கீழ்க்குழாயிலும் சுருக்கமோ மேடோ உண்டா என நூல் பிடித்தும் விரல் ஓட்டியும் பார்த்தோம். இல்லை. போர்க் தன்னைக் கொடுத்துப் பிரேமைக் காத்துவிட்டது.

பேரன் இவ்வாண்டு நினைவு நாளுக்குப் பேருந்தில்தான் ஆசன்சோல் சென்று வந்தான்.

வண்டி போர்க் இல்லாமல், கழுவித் துடைத்த நிலையில், ஆண்டு விழா அன்று மண்டபத்தின் தாழ்வாரத்தில் வைக்கப்பெறும். குழந்தைகள் பிரேமையும் பக்கத்தில் வைக்கும் பழைய போர்க்கையும் சுண்டிப் பார்க்கலாம். அளவுகோலும் காந்தமும் மேசைமேல் இருக்கும். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. அக்காலத்தில் இங்கிலாந்து சென்று திரும்பிய குடும்பங்கள் நம் ஏ-ஸோனிலும் பி-ஸோனிலும் பல இருந்தன. எவர் வீட்டுப் பரணிலேனும், தோட்டத்துக் கொட்டகையிலேனும் 27 அங்குலச் சக்கரத்துக்கு உரிய பழைய ஆங்கிலப் பந்தயப் போர்க் ஒன்று கிடக்குமாயின் தெரிவிக்க வேண்டுகிறோம். மரை அங்குலத்துக்கு 24 இருக்க வேண்டும். தண்டின் நீளம் ஆறே முக்கால் அங்குலத்துக்குக் குறையலாகாது. சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். துரு இருந்தால் பரவாயில்லை, வளைவு மட்டும் கூடாது.